வலப்பக்கம் இருந்த சட்டைப் பை

பல் தேய்க்கும்போது கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை யாருமே சரியாகத் தேய்ப்பதில்லை. நீங்களும்தான், இன்ஸ்பெக்டர் பிரசாந்த். காலையில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் கொட்டாவி விட்டபோது பார்த்தேன், காறை கட்டியிருக்கிறது. மேலே இடப்பக்கக் கடைவாயில் ஒரு பல்லை அடைத்திருக்கிறீர்கள், அது நல்ல கைவேலை. நாளைக்கே உங்களை ஏதாவது ஓடையில் கண்டெடுத்தால் பத்து நிமிடத்தில் பெயர் சொல்லிவிடுவேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி போகமாட்டேன் என்கிறது.

நீங்கள் கேட்டபடி நானே என் கைப்பட எழுதித் தருகிறேன். உங்களுக்குக் கொள்ளேகால், வீட்டில் பேசுவது தமிழ். எங்கள் குடும்பம் மேலுக்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் நிலைத்தது, எங்கள் வீட்டிலும் தமிழ்தான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் எழுத்தர் இதைக் கன்னடத்தில் மாற்றும்போது எண்களில் மட்டும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

என் பெயர் பராசரன். இந்த ஊரில் ஒரு மருத்துவமனையின் தடயவியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். யாரென்று தெரியாமல் வரும் எலும்புகளுக்குப் பெயர் கண்டுபிடிப்பது என் வேலை. இடுப்பெலும்பைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். விலா எலும்பின் நுனி வயதைச் சொல்லும், கைகால் எலும்புகளின் நீளம் உயரத்தைச் சொல்லும். பல் பெயரையே சொல்லிவிடும், கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட எந்த நீதிமன்றத்திலும் நின்று தலைகுனிந்ததில்லை. வருகிற மார்ச்சில் எனக்கு ஓய்வு, துறையில் விழா எடுக்கிறார்கள். அழைப்பிதழில் ‘பிழையற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீங்கள் கேட்பது இருநூற்று எண்பத்தேழாவது அறிக்கையைப் பற்றி.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் பாலாறு வனச் சோதனைச் சாவடிக்கு மேலே, ஒரு காய்ந்த ஓடையில், ஆடு மேய்த்தவர்கள் ஒரு மண்டையோட்டையும் சில எலும்புகளையும் பார்த்தார்கள். என்னிடம் வந்தது. ஆண், முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயது. மேல்தாடையில் இடப்பக்கக் கோரைப்பல்லுக்கு வெள்ளை உலோகத்தில் உறை போட்டிருந்தது. இறந்து ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இருக்கும் என்று கணித்தேன். இதுவரை எல்லாம் சரி, இன்றைக்கும் இதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன்.

காணாமல் போனவர்களின் பட்டியலைப் பார்த்து, கௌதள்ளியிலிருந்து அஞ்சலை என்ற பெண்ணைக் காவல்துறை வரவழைத்தது. கணவர் மல்லப்பன், விவசாயி, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை, மல்லப்பனுக்குத் தாய் தகப்பன் கூடப்பிறந்தவர் என்று யாரும் உயிரோடு இல்லை. மரபணுவை ஒப்பிட இரத்த சொந்தம் வேண்டும், மனைவியின் இரத்தம் அதற்கு உதவாது. ஆகவே எல்லாம் பல்லின் தலையில் விழுந்தது, அதாவது என் தலையில்.

“ஒடம்பு கெடைக்காம கருமாதி பண்ணக்கூடாதுங்கறாங்க சார்,” என்றார் அஞ்சலை. “தாலியக் கழட்டவும் முடியல, கட்டிக்கிட்டு நிக்கவும் முடியல. ஒரு சீருக்கும் கூப்பிடறதில்லீங்க, எழவுக்கும் கூப்பிடறதில்லீங்க. இருக்கறாரா இல்லையான்னு நீங்களாச்சும் சொல்லிப்போடுங்க.”

அவர் செல்போனில் ஒரு படம் இருந்தது. மாரியம்மன் நோம்பித் திருவிழா அன்றைக்கு மல்லப்பன் தன் கையாலேயே போனைப் பிடித்துத் தன்னை எடுத்துக்கொண்டது. வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார், உறை போட்ட கோரைப்பல் பளிச்சென்று தெரிந்தது, இடப்பக்கம். பல் தெரியச் சிரிக்கும் படம் எங்களுக்குப் புதையல் மாதிரி. மண்டையோட்டை அதே கோணத்தில் படமெடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். நெற்றி பொருந்தியது, மூக்கெலும்பு பொருந்தியது, தாடை பொருந்தியது. பல்லின் மேல் பல் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் துறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். எலும்புகளை அஞ்சலையிடம் ஒப்படைத்தோம், அவர்கள் எரித்துக் கரைத்துக் கருமாதியும் செய்து முடித்தார்கள். வழக்கப்படி ஒரு கடைவாய்ப்பல்லை மட்டும் சிறு குப்பியில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் சொர்ணலதா வந்தார். ஹனூரில் பள்ளி ஆசிரியை, தம்பி மனோஜ்குமாரைக் காணோம். தம்பியின் கல்யாணப் படத்தை ஸ்டுடியோ உறையோடு கொண்டுவந்திருந்தார். அதிலும் ஒரு கோரைப்பல்லுக்கு உறை, இடப்பக்கம். பார்த்தேன். அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் உறை போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு சந்தேகம் மட்டும்தான், சந்தேகத்தைப் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். “இன்னும் எதுவும் வரலை அம்மா, வந்தா சொல்றேன்,” என்றேன். அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை பள்ளி விட்டதும் பேருந்து ஏறி வந்துவிடுவார்.

மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. போன வருடம் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும், என் அறைக்கு ஒருவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் நாலாக மடித்த காகிதம். விரித்துப் பார்த்தால் என் கையெழுத்து. இருநூற்று எண்பத்தேழின் நகல்.

“சார், இதுல செத்துப்போன ஆளு நாந்தானுங்க,” என்றார்.

உட்காரச் சொன்னேன். குடகில் ஒரு காபித் தோட்டத்தில் இத்தனை நாளும் வேலை செய்துகொண்டிருந்தாராம். கோபம் தணிந்து ஊருக்கு வந்தால், வீட்டுச் சுவரில் தன் படத்துக்கே மாலை போட்டிருப்பது ரோட்டிலிருந்தே தெரிந்திருக்கிறது. வாசலில் அஞ்சலை, இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் டிராக்டரைத் துடைத்துக்கொண்டு வேறொருவர். மல்லப்பன் அப்படியே திரும்பிவிட்டார். யார் கண்ணிலும் படவில்லை. ஹனூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர் ஒருவர், வந்திருப்பது யார் என்று கேட்காமல், இந்த நகலை எடுத்துக் கொடுத்து வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“அவள நான் தொந்தரவு பண்ணலீங்க சார். அவ நல்லா இருக்கட்டும். எனக்கு ரேசன் கார்டு வேணுமுங்க. அதுக்கு, செத்துப்போனன்னு எழுதுன டாக்டரே நான் உசுரோட இருக்கறன்னு ஒரு காயிதம் குடுக்கோணுமாமுங்க. நீங்கதான எழுதுனீங்க?”

இந்த இடத்தில் நான் பதறியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். உறை போட்ட கோரைப்பல் வலப்பக்கம் இருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. செல்போனில் தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி விழும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. மல்லப்பன் என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார்:

“அந்தப் போட்டோவே திரும்பிக்கிட்டுதான் இருக்குதுங்க சார். சட்டைப் பாக்கெட்டப் பாருங்க, வலது பக்கம் இருக்கும். எந்த ஊரு தையக்காரன் வலது பக்கம் பாக்கெட்டு வெப்பான்?”

கோப்பை எடுத்துப் பார்த்தேன். சட்டைப் பை வலப்பக்கம் இருந்தது, அதில் ஒரு பேனாகூடச் செருகியிருந்தது. நான் நெற்றியைப் பார்த்தேன், தாடையைப் பார்த்தேன், சட்டையைப் பார்க்கவில்லை. எலும்புக்காரனுக்குச் சட்டை எதற்கு என்று இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன். வெட்கம் போய் எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல்தான். செத்துப்போன மனிதர் இவ்வளவு தெளிவாகப் பேசக்கூடாது.

இருந்தாலும் வேலை வேலைதான். அவரைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். நூற்று அறுபத்தேழு புள்ளி நான்கு சென்டிமீட்டர். எடை, தலைச் சுற்றளவு, பல் வரைபடம் எல்லாம் என் குறிப்பேட்டில் எழுதினேன். பெயர் மல்லப்பன், வயது நாற்பத்தாறு. ‘நிலை’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘எரிந்தது’, ‘அழுகியது’, ‘எலும்பு மட்டும்’ என்று எழுதுவோம். முதன்முறையாக அதில் ‘உயிருடன்’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, மல்லப்பனும் ஏன் என்று தெரியாமலேயே கூடச் சிரித்தார். நல்ல மனிதர்.

அவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டு யோசித்தேன். திருத்தம் எழுதிக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை என்பீர்கள். ஒரு அறிக்கை தப்பு என்று ஆனால் மற்ற முந்நூற்றுச் சொச்சத்துக்கும் என்ன மரியாதை? உள்ளே இருக்கிற கொலைகாரன் ஒவ்வொருவனும் வக்கீல் வைத்துக்கொண்டு, பராசரனின் பல் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மேல்முறையீட்டுக்குக் கிளம்புவான். அஞ்சலையின் இரண்டாம் கல்யாணம் என்ன ஆகும்? அந்தக் குழந்தை? கருமாதிச் சாப்பாடு சாப்பிட்ட ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். இதனால் யார் யாருக்குக் கஷ்டம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், பக்கம் நிறைந்துவிட்டது. திருத்தாமல் விட்டால் கஷ்டம் ஒரே ஒருவருக்குத்தான், அவரும் ஏற்கெனவே இறந்தவர்.

விழா அழைப்பிதழைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. அது பிறகு தோன்றியது.

ஞாயிறு காலை ஜயம்மாவிடம் கட்டுச்சாதம் கேட்டேன். ஜயம்மா என் மனைவி, அவள் புளியோதரையை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. “யாரு கூட வரா?” என்றாள். “பழைய கேஸ் ஒண்ணு, நேர்ல பாக்கணும்,” என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எலும்பு கிடைத்த இடத்தில் அவரை நிறுத்திப் பார்த்தால்தான் திருத்தம் எழுத முடியும் என்று மல்லப்பனிடம் சொல்லியிருந்தேன். மறுபேச்சில்லாமல் காரில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், காபிச் செடிக்கு நிழல் எவ்வளவு வேண்டும், மிளகுக்கொடியை எந்த மரத்தில் ஏற்றலாம் என்று. கௌதள்ளியைத் தாண்டும்போது மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துகொண்டார். அஞ்சலை பார்த்துவிட்டால் பாவம், பயந்துபோவாள் என்றார். சோதனைச் சாவடிக்கு முன்பே காரை நிறுத்திவிட்டு நடந்தோம். ஓடையில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன்.

“இங்கதானுங்களா நான் கெடந்தேன்?” என்று கேட்டார்.

“இன்னும் நாலடி தள்ளி,” என்றேன்.

அவர் நாலடி தள்ளிப் போய் நின்றார். முதுகு என் பக்கம் இருந்தது. அங்கே கற்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே தடவைதான், பின்மண்டையில், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பற்களுக்கு எந்தச் சேதமும் வராமல் பார்த்துக்கொண்டேன், பின்னால் வேலை செய்ய வருகிறவருக்குத் தேவைப்படும். அறிக்கையில் குறித்திருந்த இடத்திலேயே, தலை வடக்கே இருக்கும்படி கிடத்தினேன். ஆள் சரி, இடம் சரி. இறந்த நாளைக் கணிப்பதில் எங்கள் துறையில் முன்பின் இருப்பது சகஜம், இதில் அது கொஞ்சம் கூடிவிட்டது. அவ்வளவுதான். வீடு வந்து குளித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. போன மாதம், டிசம்பரில், மழையும் காட்டு நாய்களும் போக மிஞ்சியதை வனக்காவலர்கள் சாக்கில் கொண்டுவந்தார்கள். நான் தொடாமல், போன வருடம் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் ஸஞ்சனாவிடம் கொடுத்துவிட்டேன். நான் பார்த்தால் ஒன்று பொய் எழுத வேண்டும், அல்லது உண்மை எழுத வேண்டும். இரண்டும் எனக்கு அப்போது தோதுப்படவில்லை.

ஸஞ்சனா கெட்டிக்காரி. தொடை எலும்பு இரண்டுமே கிடைக்காததால் மேல்கை எலும்பை வைத்து உயரத்தைக் கணித்தார். நூற்று எழுபத்தொன்று, முன்பின் நான்கு. கணக்கு தப்பென்று சொல்ல முடியாது, உண்மை அந்த நான்குக்குள் அடங்கிவிடுகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் நான் இன்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கால் மரத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் அந்த நூற்று எழுபத்தொன்று இரண்டு நாளாகக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. என் துறையிலிருந்து, என் காலத்தில், மூன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர் அதிகமாக ஒரு மனிதர் வெளியே போவதா? பென்சிலை எடுத்து அதை அடித்துவிட்டு 167.4 என்று எழுதினேன்.

ஸஞ்சனா என் அறைக்கு வந்தார்.

“ஸார், இந்த நம்பர் எந்த எலும்புலேந்து வந்தது? புள்ளி நாலு வரைக்கும் எந்த ஃபார்முலாவும் கொடுக்காது, அல்லவா?”

“நேர்ல அளந்தது,” என்றேன்.

“எதை ஸார் அளந்தீங்க? தொடை எலும்பே இல்லையே.”

ஆதாரம் இல்லாமல் எண் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். பெயர், தேதி, பல் வரைபடம் என்று விரல் கீழே இறங்கி ‘நிலை’ என்ற கட்டத்தில் வந்து நின்றது. குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, என் பக்கம் முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்து வெளியே போனார். அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நான் யாரையும் காரணமில்லாமல் எதுவும் செய்கிறவன் இல்லை.

ஆக, மல்லப்பனைக் கொன்றது நான்தான். அதை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் காரணம் தெரியாமல் நீங்கள் என்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கோப்பில் ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள்: இருநூற்று எண்பத்தேழாவது அறிக்கை, பாலாறு ஓடையில் கிடந்தவர் கௌதள்ளி மல்லப்பன் என்று சொல்கிறது. போய்ப் பாருங்கள், அவர்தான் கிடந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டிலும் பிழை இல்லை.

அப்படியானால் முதலில் கிடந்தது யார் என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். என் மேசையின் வலது இழுப்பறையில், ரப்பர் பாண்டுகளுக்குப் பின்னால், அந்தக் குப்பி இருக்கிறது. ஒரு கடைவாய்ப்பல். சொர்ணலதாவின் கன்னத்தில் பஞ்சால் ஒரு தடவு தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை வந்துவிடும். எனக்கு அது மல்லப்பன் வாயைத் திறந்த நிமிடமே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சொர்ணலதா பதினொரு முறை வந்தார், அந்த இழுப்பறையை ஒட்டிப் போட்ட நாற்காலியில்தான் உட்காருவார். “ஏதாச்சும் வந்துச்சுங்களா சார்?” என்பார். காபி வரவழைப்பேன், குடிப்பார், இன்னும் வரவில்லை என்பேன். போகும்போது மறக்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போவார். தம்பி பெண்டாட்டி இன்னும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருப்பதாக ஒருமுறை சொன்னார்.

நாளை முதல் சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிவாக்கில் வருவார், காபிக்குச் சர்க்கரை வேண்டாம். நான் லீவில் போயிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், பிரசாந்த். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.